அப்பா யாருக்காவது உதவினால் அவருடைய மனம் தேறுமா?

உவர்மலை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். இது என் அப்பாவைப் பற்றிய கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் என்ஜின் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா போன வருடம் மாசியில் காலமானார். ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வீடு உண்மையாகவே வெறுமையானது. வந்து போன சனமும் நின்றுவிட்டது. அப்பா காலையில் எழும்புகிறார், தேத்தண்ணி குடிக்கிறார், முன் விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவுகிறார். முன்பெல்லாம் பின்னேரத்தில் டச்பே கடற்கரைக்கு நடந்து போய், கூட்டாளிமாரோடு கதைத்துவிட்டு இருட்டின பிறகுதான் வருவார். இப்போது கேற்றுக்கு வெளியே கால் வைப்பதில்லை. கிளினிக்கில் காட்டினோம். பிரஷர் மருந்து வழக்கம்போல, சீனி வருத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இரவில் வீடியோவில் வருவார். "அப்பா நடங்கோ, அப்பா சாப்பிடுங்கோ, அப்பா கோணேசர் கோயிலுக்கு ஒருக்கால் போட்டு வாங்கோ." அப்பா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பார். அதோடு சரி.

அண்மையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பக்கத்து வளவுப் பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும். அவனுடைய சைக்கிள் செயின் கழன்று, பின்சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிவிட்டது. அழுதுகொண்டு எங்கள் கேற்றடியில் நின்றான். அப்பா எழும்பிப் போனார். என்னைக் கூப்பிட்டு ஸ்பானர் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். சில்லைக் கழற்றி, செயினை எடுத்து, எண்ணெய் விட்டு, யாரும் கேட்காமலே பிரேக்கையும் இறுக்கிக் கொடுத்தார். அவ்வளவு நேரமும் நிலத்தில் குந்தியிருந்தார், முழங்கால் வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அன்றிரவு சொதி இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். அம்மா போன பிறகு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இதை என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன். மற்றவர்களுக்குச் சின்னச் சின்ன உதவி செய்தால் செய்கிறவருக்கே மனமும் உடம்பும் தேறும், அதற்கு ஆராய்ச்சிகளே இருக்கின்றன என்றார். சித்தியோ, "உதவி தேவைப்படுற மனிசனிட்டயே உதவி கேக்கிறியே, அவரை ஆறுதலா இருக்க விடு" என்று என்னைப் பேசினார்.

இது உண்மையிலேயே இருக்கிற விஷயமா, அல்லது அன்றைக்கு அப்படி அமைந்ததா? உண்மை என்றால் எப்படித் தொடங்குவது? "அப்பா, நாலு பேருக்கு நல்லது செய்யுங்கோ, மனம் லேசாகும்" என்று சொன்னால், அதற்கும் "ஓம்" என்றுதான் சொல்வார்.


ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

மகள், அது தற்செயல் இல்லை. நான் வாழ்நாளில் பாதியை வார்ட்டில் கழித்த தாதி. கடைசிக் காலம் முழுவதும் இந்த மாவட்டத்தில்தான் வேலை. உங்கள் அப்பாவைப் போன்ற ஆம்பிளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். மனைவி போன பிறகு கதிரையோடு ஒட்டிப்போகிறவர்கள்.

முதலில் ஆராய்ச்சியைச் சொல்கிறேன், உங்கள் சித்திக்கும் சொல்லலாம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி பிரவுன் என்பவரும் அவருடைய குழுவினரும் 423 வயோதிபத் தம்பதிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அயலுக்கும் உறவுக்கும் வேலையில் கைகொடுத்தவர்கள், துணைக்கு மனத்தால் ஆதரவாக இருந்தவர்கள், இவர்களில் அந்தக் காலத்துக்குள் இறந்தவர்கள் குறைவு. உதவியை வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. உடம்பில் பெலன் உள்ளவர்கள்தானே உதவப் போவார்கள் என்று கேட்பீர்கள். வயது, உடல்நிலை, குணம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் இருந்தது. ஆனாலும் அது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. இதனால்தான் இது என்று அடித்துச் சொல்ல அது மட்டும் போதாது.

அதற்கு நேரடிச் சோதனை வேண்டும். அதுவும் இருக்கிறது. 2008இல் வெளியானது. கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் காலையில் ஆட்களின் கையில் ஒவ்வொரு கடித உறையைக் கொடுத்தார்கள். சிலருக்கு உள்ளே 5 டொலர், சிலருக்கு 20 டொலர். பின்னேரம் 5 மணிக்குள் செலவழிக்கவேண்டும். சிலருக்குத் தங்களுக்கென்று செலவழிக்கச் சொல்லியிருந்தது, சிலருக்கு இன்னொருவருக்கென்று. மாலையில் கேட்டால், இன்னொருவருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷம். 5 டொலரா 20 டொலரா என்பது ஒரு வித்தியாசத்தையும் செய்யவில்லை. இதில் பங்குபற்றாத வேறு ஆட்களிடம் எது சந்தோஷம் தரும் என்று கேட்டபோது, தனக்குச் செலவழிப்பதுதான், அதுவும் 20 டொலர்தான் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்களாம். தனக்கு எது நல்லது என்று மனிதருக்கே சரியாகத் தெரிவதில்லை. உங்கள் அப்பா கேட்டு வாங்கிச் செய்யவில்லை என்பதால் அவருக்கு அது தேவையில்லை என்று எடுக்காதீர்கள்.

இன்னொன்று உங்கள் அண்ணாவுக்கு. அண்மைய ஆண்டுகளில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ள 122 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் கிழமையில் இரண்டு நாள் நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யவேண்டும். ஒரு கூட்டம் தங்கள் மனத்தில் ஓடும் கெட்ட எண்ணங்களை எழுதி, அவற்றை மாற்றி யோசிக்கப் பழகவேண்டும். மூன்றாவது கூட்டம் கிழமையில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று சின்ன உதவி. ஐந்து கிழமை இப்படி. மூன்று கூட்டத்துக்கும் ஓரளவு தேறியது. ஆனால் நான் தனியாள் இல்லை, மற்றவர்களோடு ஒட்டித்தான் இருக்கிறேன் என்ற உணர்வு உதவி செய்தவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தது. கூட்டாளிமாரிடம் போய்க் கதையுங்கோ என்று அப்பாவை அனுப்புவதும், ஒருவருக்குத் தேவைப்பட்டு அவர் போவதும் ஒன்றல்ல.

உள்ளதையும் சொல்லவேண்டும். இப்படியான சோதனைகள் 27ஐ ஒன்றாகச் சேர்த்து 2018இல் ஒரு குழு ஆராய்ந்தது. உதவுவது மனத்தைத் தேற்றுகிறது, ஆனால் அதன் அளவு சிறியது, அல்லது நடுத்தரம் என்றுதான் கண்டார்கள். அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாள் சொதி கேட்டார் என்பதே நல்ல பலன்தான்.

இனி நான் கண்டது. 2004 மார்கழி 26க்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தேன். கரையோரத்து மீன்கார அம்மா ஒருவர். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. அவர் வகுப்பறைச் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். சோறு கொடுத்தாலும் அப்படியே இருக்கும், மாத்திரை கொடுத்தாலும் கையிலேயே இருக்கும். எத்தனையோ பேர் வந்து பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னார்கள். வந்தவர்கள் எழும்பிப் போவதுகூட அவருக்குத் தெரியவில்லை. முகாமில் கைக்குழந்தைகள் நிறைய. பால்மா வந்து குவிந்திருந்தது, ஆனால் போத்தல் அவிக்க ஆளில்லை, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. எனக்குக் கை போதவில்லை. நான் எந்த வைத்தியமும் யோசித்துச் செய்யவில்லை, உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது. "அம்மா, இந்தப் பானையைக் கொஞ்சம் பாருங்கோ, கொதிச்ச உடனே என்னைக் கூப்பிடுங்கோ" என்று விட்டுவிட்டு ஓடினேன். அவர் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். பிறகு, சரியாகக் கொதிக்காத தண்ணீரில் போத்தலைப் போட்ட ஒரு தொண்டர் பொடியனை அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்தக் குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

துக்கம் போகவில்லை. அது போகிற துக்கமா? இரவில் அழுவார். ஆனால் விடிய எழும்ப ஒரு காரணம் இருந்தது.

உங்கள் சித்தி அன்பினால்தான் சொல்கிறார். நம் சனம் துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாது, அயலிலிருந்து சோறு வரும், கறி வரும். எட்டுச் செலவு, அந்தியேட்டி வரைக்கும் அது பெரிய தாங்கல். ஆனால் அதற்கு ஒரு முடிவும் வேண்டும். வருடம் கடந்தும் ஒரு மனிதரை நாம் தாங்கிக்கொண்டே இருந்தால், இனி நான் ஒருவருக்கும் தேவையில்லை என்பதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

எப்படித் தொடங்குவது என்றால், அறிவுரை சொல்லாதீர்கள், உதவி கேளுங்கள். உண்மையிலேயே பழுதான ஒன்றைக் கொண்டுபோங்கள். பொய்யாகப் பழுதாக்க வேண்டாம், பிட்டருக்கு உடனே தெரிந்துவிடும், மனம் நொந்துபோவார். அவருக்குக் கைவந்த வேலையாக இருக்கட்டும். மாட்டேன் என்று சொல்ல இடம் விடுங்கள். முடிந்தால் யாருக்காகச் செய்கிறாரோ அந்த ஆளை அவர் நேரில் காணட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நித்திரையே இல்லை, உடம்பு மெலிந்துகொண்டு போகிறது, "நான் இருந்து என்ன" என்ற கதை வருகிறது என்றால் இதையெல்லாம் நம்பிக் காத்திருக்கக் கூடாது. வைத்தியரிடம் மனநிலையைப் பற்றியே வெளிப்படையாகச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம்.


கிண்ணியா துறையடி:

தங்கச்சி, மிஸ்ஸி எழுதியதை வாசித்ததும் என் வாப்பா கண்முன் வந்தார், அதனால் எழுதுகிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை கடலைக் கடக்க எல்லோருக்கும் பாதைதான், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைப் படகு. பாதைக்கு நிற்கும் சனத்துக்கு வாப்பா துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். பிளேன்டீ, வடை, சுடச்சுட ரொட்டி. மூதூர்ப் பக்கத்து ஆட்கள், தமிழாக்கள், சிங்கள உத்தியோகத்தர்கள், எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாலம் வந்தது ஊருக்கே நன்மை, வாப்பாவும் சந்தோஷப்பட்டார். ஆனால் அடுத்த நாளிலிருந்து துறையில் நிற்க ஒருவரும் இல்லை. கடையைப் பூட்டினோம். பிள்ளைகள் நாங்கள் உழைக்கிறோம், காசுக்குக் குறைவில்லை. ஆனால் வாப்பா சுருங்கிப் போனார். உங்கள் அப்பாவைப் போலத்தான், எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்".

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் ஆளுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. மோதினார் வீட்டுக்கு வந்து, "காக்கா, பெரிய சட்டி பிடிக்கத் தெரிஞ்ச ஆள் ஊர்ல வேற ஆரு?" என்று கேட்டார். உம்மா வேண்டாம் என்றார், வயது போன ஆள், நோன்போடு நெருப்பில் நிற்கிறதா என்று. வாப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அசருக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவருடைய உம்மா வாப்பா பேரையும் கேட்டுக் கேட்டு ஊற்றுவார். நோயாளி இருக்கிற வீட்டுக்கு இஞ்சி கூடப் போட்டுத் தனியாக எடுத்து வைப்பார். அந்த மாதம் முழுவதும் வீட்டில் அவருடைய சத்தம் கேட்டது.

ஆனால் பெருநாள் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டார். இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு முறை எழும்பியதைப் பார்த்துச் சுகமாகிவிட்டார் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிறகுதான் யோசித்து மற்ற மாதங்களுக்கும் வழி பார்த்தோம். மௌத்து வீட்டுக்குத் தேத்தண்ணி போடுவது, கல்யாண வீட்டில் சமையற்காரருக்கு அளவு சொல்லிக்கொடுப்பது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைப்பது. இப்போது எண்பது வயதைத் தொடுகிறார். ஆட்கள்தான் அவரைத் தேடி வருகிறார்கள்.

ஒரு சந்தேகம் மிஸ்ஸியிடம் கேட்கிறேன். நாங்கள் புகழ்ந்தால் வாப்பா "கஞ்சிதானே, இதுல என்ன" என்று தட்டிவிடுவார். அப்படி நினைக்கிறவருக்கு அதில் முழுப் பலன் வருமா?


ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

தம்பி, நல்ல கேள்வி. கொடுக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சிகாகோவில் குளிர்காலத்தில் ஒரு பனிச்சறுக்குத் திடலில், அங்கே நின்ற சிலருக்குச் சூடான சாக்லேட் பானம் கொடுத்து, விரும்பினால் அதை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர் செய்தது. வாங்கியவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று கொடுத்தவர்கள் கணித்தது ஓர் அளவு, வாங்கியவர்கள் உண்மையில் சொன்னது அதைவிடக் கூட. கொடுத்தவரின் எண்ணம் பானத்தின் பெறுமதியிலேயே நிற்கிறது. வாங்கியவருக்கோ, யாரென்றே தெரியாத ஒருவர் என்னை நினைத்தாரே என்பதுதான் பெரிது.

அதனால் வாப்பாவைப் புகழ வேண்டாம், செய்தி கொண்டுபோய்ச் சொல்லுங்கள். "அந்த வீட்டுப் பாட்டி இண்டைக்கு உங்கட கஞ்சி மட்டும்தான் குடிச்சவவாம்" என்று. புகழ்ச்சியைத் தட்டிவிடலாம், செய்தியைத் தட்டிவிட முடியாது. உவர்மலைப் பிள்ளைக்கும் இதுதான். அந்தப் பையன் இப்போது சைக்கிளில் எங்கெங்கே போகிறான் என்று அப்பாவிடம் சொன்னீர்களா?

நீங்கள் ஒரே வேலையோடு விடாமல் மாற்றி மாற்றிக் கொடுத்ததும் சரியானது. கலிபோர்னியாவில் சோன்யா லியுபோமிர்ஸ்கி இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். ஒரே உதவியை ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு அதன் இனிமை தேய்ந்துபோனது. அவருடைய இன்னொரு சோதனையில், கிழமைக்கு ஐந்து உதவி என்று வைத்தபோது, அவற்றைக் கிழமை முழுக்கத் தூவியவர்களைவிட ஒரே நாளில் செய்தவர்களுக்குத்தான் சந்தோஷம் கூடியது. தூவினால் அன்றாட வேலைகளோடு கலந்து தெரியாமல் போய்விடுகிறது போலும். அப்பாவுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது.


தம்பலகாமம் வயல்கரை:

இதையெல்லாம் வாசிக்க எனக்கு வேதனையாக இருக்கிறது. கோபிக்காமல் கேளுங்கள்.

என் மாமியாருக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, தீத்துவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். கணவர் வயலோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு. நான் ஒருவருக்கு உதவாத மணித்தியாலம் ஒரு நாளில் இல்லை. வருகிற எல்லோரும் "உனக்குப் பெரிய புண்ணியம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இடுப்பு வலிதான் வருகிறது. மாமியாரில் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, அவர் என்னைத் தன் மகளாகத்தான் வைத்திருந்தார். அப்படியிருந்தும் மனம் வெறுத்துப்போய் இருக்கிறது. உதவினால் மனம் தேறும் என்று நீங்கள் எழுதும்போது, என்னில்தான் ஏதோ பிழை என்று தோன்றுகிறது.


ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

மகள், உங்களில் ஒரு பிழையும் இல்லை. இதை நீங்கள் எழுதியது நல்லது. மற்றவர்களும் வாசிக்கவேண்டும்.

நெற்றா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் 2010இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தானாக விரும்பிச் செய்த உதவி செய்தவருக்கு நன்மை தந்தது. வேறு வழியில்லாமல் செய்த உதவி தரவில்லை. உதவி பெற்றவருக்குக்கூட, மனதார வந்த உதவிதான் கூடுதல் நன்மை செய்தது. நீங்கள் செய்வது அன்பினால் தொடங்கியதுதான். ஆனால் தெரிவு இல்லாமல், மாற்றாள் இல்லாமல், இரவு பகல் இல்லாமல் போகும்போது அது வேலைப்பாரமாகிவிடுகிறது. வார்ட்டில் எங்களுக்கு டியூட்டி மாறும், சம்பளம் வரும், லீவு இருக்கும். உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்த ஆராய்ச்சிகளைக் காட்டி வீட்டுப் பெண்களிடம் இன்னும் கூடச் செய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கடும் கோபம் வரும். உங்களுக்குத் தேவை இன்னொரு உதவி செய்வது இல்லை, உங்களுக்கு ஒருவர் உதவுவது. மாமியாருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் கிழமையில் ஒரு நாளை அவர்கள் எடுக்கவேண்டும், இதைக் கணவர் மூலமாகக் கேளுங்கள், நீங்கள் கேட்டால் குறையாகப் பேசுவார்கள். புண்ணியம் என்று சொல்லி வருகிறவர்களிடம், "ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருங்கோ, நான் குளிச்சிட்டு வாறன்" என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் அது நன்மை. புரட்டும்போது இடுப்புப் பிடிக்காமல் இருக்க, படுக்கை விரிப்புக்கு மேல் குறுக்கே ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, அந்த விரிப்பைப் பிடித்து இழுத்துத் திருப்பவேண்டும், ஆளைத் தூக்கக் கூடாது. உள்பெட்டியில் எழுதுங்கள், முழுதாகச் சொல்லித் தருகிறேன்.


உவர்மலை மகள்:

எல்லோருக்கும் நன்றி. தம்பலகாமம் அக்கா, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் வருவேன். மிஸ்ஸி சொன்ன ஒரு மணித்தியாலத்தை நான் தரலாமா? யோசித்துச் சொல்லுங்கோ.

அண்ணாவிடம் இதைக் காட்டினேன். அவர் உடனே, அப்பாவின் பெயரில் ஒரு பெரிய தொகையைக் கோயில் அன்னதானத்துக்கு அனுப்புகிறேன், அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்கிறார். ஆசையாகச் சொல்கிறார், மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அது உதவுமா?


ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

அனுப்பட்டும், நல்ல காரியம்தான். ஆனால் ரசீது மட்டும் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் மனத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. காசு என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் கொடுத்தவருக்குச் சந்தோஷம் வருகிறது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. லாரா அக்னின் என்பவர் செய்தது. 10 டொலருக்கு ஒரு நுளம்புவலை, அது ஒரு பிள்ளையை மலேரியாவிலிருந்து காக்கும் என்று தெளிவாகத் தெரிந்த திட்டத்துக்குக் கொடுத்தவர்களில், கூடக் கொடுத்தவர்களின் மகிழ்ச்சியும் கூடியது. பொதுவான பெரிய நிதிக்குக் கொடுத்தவர்களிடம் அப்படி இல்லை.

அன்னதானம் நடக்கும் நாளில் அப்பா அங்கே நிற்கவேண்டும். வாளியும் அகப்பையும் அவர் கையில் இருக்கவேண்டும். இலையில் சோறு விழுந்ததும் நிமிர்ந்து பார்க்கிற முகங்களை அவர் காணவேண்டும். அண்ணாவால் வர முடியாது, அதனால் அன்றைக்கு வீடியோவை அந்தப் பந்திக்குத் திருப்புங்கள், அவருக்கும் கிடைக்கட்டும். தூர தேசத்திலிருந்து அனுப்புகிற பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி கிடைப்பதே இல்லை, அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

வைகாசி, ஆனியில் கதிர்காம பாதயாத்திரைக்காரர் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாக இங்கே வந்து, வெருகலைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போவார்கள். எல்லோரும் சோறும் தண்ணியும் கொடுக்கிறார்கள். ஆனால் செருப்பு வார் அறுந்து, பைப் பட்டி கழன்று, நடைவண்டிச் சில்லு ஆடி வருகிறவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. ஸ்பானர் பெட்டியோடும் குத்தூசியோடும் ஒருவர் மடத்தில் இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி. ஆனால் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். யாத்திரை போகிற ஒருவர் வந்து கேட்கும்படி செய்யுங்கள்.


செல்வநாயகபுரம் பாலர் பாடசாலை ரீச்சர்:

எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மிஸ்ஸி சொன்ன அதே லாரா அக்னின் சின்னப் பிள்ளைகளை வைத்தும் ஒரு ஆய்வு செய்திருக்கிறார், 2012இல் வந்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைகளுக்கு மீன் வடிவ பிஸ்கட் கொடுத்து, அவர்கள் தின்னும்போதும், ஒரு கைப்பாவைக்குக் கொடுக்கும்போதும் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். தனக்குக் கிடைத்தபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது முகம் கூட மலர்ந்தது. அதுவும் வேறொருவர் தந்ததை எடுத்துக் கொடுத்தபோது அல்ல, தன் கிண்ணத்தில் இருந்ததைக் கொடுத்தபோதுதான் கூடுதலாக மலர்ந்தது. யாரும் நன்மை தீமை சொல்லிக்கொடுக்காத வயது. என் வகுப்பிலும் இதைத் தினமும் காண்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாங்காய்த் துண்டைப் பக்கத்துப் பிள்ளையின் வாயில் திணித்துவிட்டு, அது மெல்லுவதைப் பார்த்துச் சிரிக்கும்.

சரி, நான் வந்த விஷயம் வேறு. உவர்மலை மகள், எங்கள் பாலர் பாடசாலை முற்றத்தில் ஒரு சீசோ இருக்கிறது. நடு அச்சு தேய்ந்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது, பிள்ளைகளின் கை நசியும் என்ற பயத்தில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். வெல்டிங் கடைக்காரர் முழுதாக மாற்றவேண்டும் என்று ஒரு விலை சொல்கிறார், எங்களிடம் அவ்வளவு இல்லை. மாற்றத்தான் வேண்டுமா, அல்லது அச்சை மட்டும் திருத்தலாமா என்று தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். அப்பாவை மனம் தேற்றுவதற்காகக் கேட்கவில்லை, எங்களுக்கு உண்மையாகவே ஆள் வேண்டும்.


உவர்மலை மகள்:

ரீச்சர், நீங்கள் எழுதியதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், சீசோவைப் பற்றிய பகுதியை மட்டும். "ஓம்" என்று சொல்லவில்லை. அச்சு உருண்டைக் கம்பியா குழாயா, புஷ் இருக்கா, கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தது என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, படம் எடுத்து அனுப்பச் சொல்லவா என்று கேட்டதற்கு, படத்தில் தேய்மானம் தெரியாது, போய்த்தான் பார்க்கவேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேற்றைத் திறந்து வைப்பீர்களா? பக்கத்து வளவுப் பையனும் கூட வருவதாக நிற்கிறான், ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம்.